அம்மா சொல்லச் சொல்ல

மக்கே, குயின்ஸ்லாந்து
11 பிப்ரவரி 1996

அன்புத் தங்கை கெலேராவுக்கு அக்கா உனாய்சி எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருக்க ஞாயிறுதோறும் இங்குள்ள சர்ச்சில் ஜெபித்துக்கொள்கிறேன்.

அத்தையின் கடிதத்தில்தான் செய்தி தெரிந்தது. மலை ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட, பொதுப்பணித்துறை உன்னை நம் நுகுலேவுத் தீவுக்கே அனுப்புகிறதாமே. டிசம்பர் வரை வேலையாம். கொடுத்துவைத்தவள். நான் இங்கே முதியோர் இல்லத்தில், யார் யாரோ பெற்ற தாய்மாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தம் முடிய வருடக் கடைசி ஆகும்.

நீ அம்மாவோடுதான் தங்குவாய் என்பதால் சிலது சொல்ல வேண்டும். விழுந்து உடைந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டாலும் ஈரத்தரையில் தனியாக விடாதே. இரத்த அழுத்த மாத்திரையை அவள் நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுத் துப்புவாள், வாயைத் திறந்து பார். கண்ணில் புரை வந்ததிலிருந்து எழுதப் படிக்க முடிவதில்லை. அதைச் சொல்லிக்காட்டினால் கோபம் வரும். பேசிக்கொண்டே செய்ய வேண்டும், கெலேரா. கையைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அம்மா நீ கட்டுகிற பாலம் இல்லை.

கோபித்துக்கொள்ளாதே. சின்ன வயதில் அழுகிற குழந்தையை நீ தூக்கினால் அது இன்னும் வீரிட்டு அழும், என் கைக்கு வந்ததும் அடங்கும். வீடே சிரிக்கும். இன்ஜினியர்களுக்கு அந்த நரம்பைக் கடவுள் வைக்க மறந்துவிட்டார் என்று இங்கே எங்கள் டாக்டரும் சொல்வார்.

அம்மாவுக்கு என் முத்தம். அத்தைக்கும் அத்தை மகள் மகரேத்தாவுக்கும் என் அன்பு.

உன் அக்கா,
உனாய்சி


நுகுலேவு
14 மார்ச் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். படகு பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. அதனால் தாமதம்.

நான் வந்து இறங்கியபோது ஊர்த் தலைவரின் பேச்சாளர் இலைத்தியா மாமா மாலையோடு துறையில் நின்றார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இன்ஜினியர் அடுத்த படகுல வராரா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நீ கெலேரா. உங்கம்மாவுக்குச் சமைச்சுப் போட வந்திருப்பே. நான் கேட்டது இன்ஜினியரை" என்றார். காகிதத்தைக் காட்டினேன். மாலையைப் போட்டார். ஆனால் அடுத்த படகுக்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம், மகரேத்தா சொன்னாள்.

அம்மா மாத்திரையை விழுங்குகிறாள். கட்டில் தாழ்வாக இருந்தது, நான்கு அங்குலம் உயர்த்தினேன். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு நாற்பத்து மூன்று எட்டு. வழியில் மூன்று இடத்தில் நிற்கிறாள். அந்த மூன்று இடத்திலும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பம் நட்டிருக்கிறேன்.

ஊற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. ஊர்வரை இரண்டு கிலோமீட்டர். வேலை தொடங்கிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கெலேரா


மக்கே
10 ஏப்ரல் 1996

அன்புத் தங்கைக்கு ஆசிகள். இங்கே கரும்பு வளர்ந்து வீட்டுச் சன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு முதுகுவலி, வேறொன்றுமில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மா எங்காவது இருக்கிறாளா என்று தேடினேன். அங்குலமும் எட்டும்தான் இருக்கின்றன. கம்பம் நட்டாயாமே, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? வீட்டுக்குள்ளே கம்பம் நட்டால், "நீ கிழவி, நீ விழுவாய்" என்று தினமும் அவளுக்குச் சொல்வது போல இல்லையா? இதையெல்லாம் எங்களுக்கு நர்ஸ் படிப்பில் மூன்று வருடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கம்பம் எதற்கு, பக்கத்தில் ஆள் இருந்தால்? நான் இருந்தால் அவள் என் தோளைப் பிடித்து நடப்பாள்.

அப்பாவைக் கடைசி ஏழு மாதம் பார்த்துக்கொண்டது நான். நீ அப்போது கடல் கடந்து லாயேயில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாய். குத்திக்காட்டவில்லை, உனக்குப் பழக்கமில்லாத வேலை என்று சொல்கிறேன்.

அம்மா என்ன நினைக்கிறாள் என்று உன் எழுத்தில் எனக்குத் தெரியவில்லை. அவளைச் சொல்லச் சொல்லி, சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு. கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதுதானே உங்கள் தொழில்.

என்றும் அன்புடன்,
உனாய்சி


நுகுலேவு
16 மே 1996

என் மூத்த மகள் உனாய்சிக்கு அம்மா சொல்லச் சொல்ல கெலேரா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். நீ சுகமா? அங்கே குளிர் வந்துவிட்டது என்கிறார்கள், மார்பை மூடிக்கொள்.

கெலேரா மரவள்ளிக்கிழங்கை அடிப்பிடிக்க வேகவைக்கிறாள். தேங்காய்ப்பாலைப் பிழியத் தெரியவில்லை. காலையில் போனால் சேற்றோடு வருகிறாள். வந்து உட்கார்ந்தால் பேசுவதில்லை. சுவரோடு குடியிருக்கிற மாதிரி இருக்கிறது. ஆண்பிள்ளைகளை அதட்டி வேலை வாங்குகிறாளாம், இவளுக்கு எவன் மாப்பிள்ளை வருவான்? தொப்பியில் பூ செருகிக்கொண்டு குழி தோண்டுகிறவளை எந்த ஊரில் பார்த்திருக்கிறாய்?

வீட்டுக்குள் கம்பம் நட்டிருக்கிறாள். அவற்றுக்கு மத்தேயு, மாற்கு, லூக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன். யோவான் வரைக்கும் நடந்தால் கழிப்பறை.

நீ தூரத்தில் இருந்தாலும் என் நினைவாகவே இருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் கை பட்டால்தான் எனக்கு நிம்மதி. உன் வேலை பெரிய வேலை. தாய்மாரைப் பார்த்துக்கொள்கிறவளைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

உன் அம்மா


மக்கே
9 ஜூன் 1996

என் அருமைத் தங்கைக்கு,

அம்மாவின் கடிதம் கண்டு மூன்று நாள் மிதந்தேன். வேலைக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் இல்லத்தில் ஹார்கிரீவ்ஸ் என்று ஒரு அம்மாள், வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்கு மொழிபெயர்த்துப் படித்துக்காட்டினேன். "உன் அம்மா சொல்வது சரி, உன் கை அப்படித்தான்" என்றாள். அழுதுவிட்டேன்.

உன்னை அம்மா திட்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய். பாவம், சிரித்தேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. தேங்காய்ப்பாலுக்குத் துருவலை வெந்நீரில் பிசைந்துவிட்டுப் பிழி.

இன்னொன்று. அத்தையும் எழுதியிருந்தாள். நீ அம்மாவுக்குத் தலை அலசி, வாரி, பூ வைத்துவிடுகிறாயாம். ஊர்ப் பெண்கள் ஏதாவது ஒன்று என்றால் உன்னிடம்தான் வருகிறார்களாம். போதகர் பிரசங்கத்திலேயே உன் பேரைச் சொன்னாராம். நல்லது. பத்து வருடம் அந்த ஊரில் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஓடியவள் நான், என் பேரை ஒரு போதகரும் சொன்னதில்லை. ஒருவேளை நர்ஸ் செய்தால் அது கடமை, இன்ஜினியர் செய்தால் அதிசயம்.

பூ வைப்பதெல்லாம் எப்போது பழகினாய்? யாருக்குக் காட்ட?

குளிர் அதிகம். மற்றபடி நலம்.

உனாய்சி


நுகுலேவு
11 ஜூலை 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே.

பூவை அம்மா கேட்டாள். வைத்தேன்.

தண்ணீர்த்தொட்டி கட்டி முடிந்தது. குழாய் எங்கே வைப்பது என்பதில் தகராறு. முதல் குழாய் தலைவர் வீட்டு வாசலில் வர வேண்டும் என்று இலைத்தியா மாமா சொன்னார். ஒரு வாரம் நான் பழைய கிணற்றடியில் உட்கார்ந்து யார் எவ்வளவு தூரம் சுமக்கிறார்கள் என்று குறித்தேன். கடைசி வரிசையில் இருக்கும் விதவை லூசியானா ஒரு நாளைக்கு ஆறு நடை நடக்கிறாள். அந்தக் குறிப்பைத் தலைவரிடம் கொண்டுபோய்ப் படித்தேன். யங்கோனா வேர்ப்பானம் மூன்று சுற்று வந்தது. பிறகு தலைவர், "லூசியானா வீட்டுல ஆரம்பிங்க. எனக்குக் கால் இருக்கு" என்றார்.

இரண்டு குழாய்களை முழங்கால் உயரத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு திண்டும் போட்டிருக்கிறேன். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்து குளிக்கலாம். வரைபடத்தில் அது இல்லை, மேலதிகாரி ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

அம்மாவுக்கு ஒரு வாரமாக இருமல். பெரிதாக இல்லை. ஆகஸ்டில் உனக்கு லீவு உண்டா? கேட்டாள்.

கெலேரா


மக்கே
1 ஆகஸ்ட் 1996

அன்புத் தங்கைக்கு,

அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள். லீவு கிடைக்காது. ஆள் பற்றாக்குறை, மேட்ரன் ஒத்துக்கொள்ளமாட்டாள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல். இருமலுக்கு எலுமிச்சை இலை ஆவி பிடிக்கட்டும், முதுகைத் தட்டிவிடு. உள்ளங்கையைக் குவித்துத் தட்ட வேண்டும், தட்டையாக அல்ல.

நலமாக இருங்கள்.

உனாய்சி


மக்கே
22 செப்டம்பர் 1996

கெலேராவுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு இருமல் என்று எழுதிவிட்டு மௌனமாகிவிட்டாய். அத்தையும் எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டோம், நினைவிருக்கிறதா? நீ புத்திசாலி, நான் நல்லவள். உனக்கு உதவித்தொகை வந்தது, கப்பலேறிப் போனாய், பட்டம் வந்தது, பேருக்குப் பின்னால் எழுத்து வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம், "சின்னவள் மூளைக்காரி, ஆனால் பெரியவளுடைய மனசு யாருக்கு வரும்" என்பார்கள். அந்த "ஆனால்" ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருபது வருடம் வாழ்ந்தேன்.

இப்போது அதையும் எடுத்துக்கொண்டாய். அம்மாவுக்குத் தலை வாருகிறாய், விதவைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறாய், கிழவிகள் குளிக்கத் திண்டு கட்டுகிறாய். உன்னிடம் எல்லாமே இருக்கிறதே கெலேரா. இன்ஜினியராக இருந்துவிட்டுப் போயேன். வறட்டு ஆளாக, பேசத் தெரியாதவளாக, எல்லாரும் நினைத்தபடியே இருந்துவிட்டுப் போயேன். எனக்கு ஒன்றை மிச்சம் வை.

எழுதியதும் கேவலமாக இருக்கிறது. இருந்தாலும் அனுப்புகிறேன்.

அம்மா எப்படி இருக்கிறாள்?

உனாய்சி


நுகுலேவு
10 அக்டோபர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நெஞ்சில் சளி கட்டி ஆகஸ்டில் பெரிய தீவு ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தாள். நிமோனியா என்றார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள், நடக்கிறாள். எடை நான்கு கிலோ குறைந்தது, இரண்டு கூடியிருக்கிறது. கவலைப்படுவாய் என்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

உன் கடிதத்தை ஊற்றடியில் உட்கார்ந்து படித்தேன். இந்தப் படகை விட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

நீ ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நோயாளி உன் முகத்தைப் பார்த்ததுமே மூச்சை இறக்குவார். நான் அதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பா உன்னைப் பார்த்ததும் அப்படித்தான் செய்தார். விடுமுறைக்கு நான் வந்தபோது அவர் கையை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தாறு. உன்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. நீ அதை எப்படிச் செய்கிறாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் எண்ணுகிறேன்.

நவம்பர் இரண்டாம் வாரம் தண்ணீர் விடுகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கெலேரா


நுகுலேவு
24 அக்டோபர் 1996

என் மதனி, வெள்ளைக்காரக் கிழவிகளின் மகாராணி உனாய்சிக்கு, அத்தை மகள் மகரேத்தா எழுதுவது. நீ கொழுத்திருப்பாய் என்று நம்புகிறேன். நான் எப்போதும் போல அழகாக இருக்கிறேன்.

கெலேரா உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு முழு நாள் ஊற்றடியிலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன எழுதினாய் என்று அவள் சொல்லவில்லை. அவள்தான் ஒன்றும் சொல்லமாட்டாளே. அதனால் நான் சொல்கிறேன். மதனியைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, கேட்டுக்கொள்.

மே மாதம் உனக்கு ஒரு கடிதம் வந்ததே, உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருந்தேன். கெலேராவைத் திட்டிய வரைக்கும் எல்லாம் உண்மை. கடைசியில் உன் அம்மா சொன்னது வேறு.

"எவளோ பெத்த கிழவிக்கெல்லாம் பீத்துணி அலசுறா. பெத்தவ விழுந்து கெடந்தப்ப ஒரு எட்டு வந்து பாக்கல. நல்லவ நல்லவன்னு ஊரு சொல்லிச் சொல்லியே அவளைக் கெடுத்துட்டாங்க. எழுது" என்றாள்.

கெலேராவின் பேனா நின்றது. பிறகு ஓடியது. "எழுதிட்டேம்மா" என்றாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உன் கை பட்டால்தான் நிம்மதி என்று எழுதியிருந்தாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "பாயை முடைடி" என்றாள்.

இரண்டாவது. ஆகஸ்டில் உன் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது படுக்கவைத்துத் தூக்கவே முடியவில்லை. கெலேரா கிடங்கிலிருந்த குழாய்களையும் பாயையும் வைத்து, சாய்ந்து உட்காருகிற மாதிரி ஒரு தூக்குக் கட்டில் கட்டினாள். குழி வெட்டுகிற எட்டு ஆண்களும் சுமந்தார்கள். முன்னால் பிடித்தது யார் தெரியுமா, இலைத்தியா மாமா. படகில் ஐந்து மணி நேரம். கெலேரா வழி முழுக்கப் பாட்டுப் பாடினாள். அவள் குரல் உனக்குத் தெரியும், மீனெல்லாம் ஓடிவிட்டது. கரை தெரிகிற நேரத்தில் உன் அம்மா கண்ணைத் திறந்து, "நிறுத்துடி, நான் சாகல" என்றாள். அப்போதுதான் நாங்கள் எல்லாரும் அழுதோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து கெலேரா உன் முதியோர் இல்லத்துக்கு டெலிபோன் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன். உனாய்சி மூன்று வாரம் லீவு, தோழிகளோடு ஏதோ தீவுக்குச் சுற்றுலா போயிருக்கிறாள் என்று சொன்னார்களாம். தீவுக்காரி தீவு பார்க்கப் போயிருக்கிறாள் மதனி, இதைவிட நல்ல பகடி எனக்குத் தோன்றவில்லை. கெலேரா உள்ளே போய் அம்மாவிடம், "லைன் கிடைக்கலம்மா" என்றாள். என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லாதே என்றாள். ஐந்து பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன், நீ ஆறாவது.

கோபம் வந்தால் எனக்கு எழுது. அவளுக்கு எழுதாதே.

உன் மகரேத்தா


மக்கே
8 நவம்பர் 1996

அன்புத் தங்கைக்கு,

சுகம் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

மகரேத்தா எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதே.

லீவு கிடைத்திருந்தது. ஜூன் மாதமே மேட்ரன் கையெழுத்துப் போட்டுவிட்டாள். விமானத்துக்குப் பதிவு செய்யக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். அத்தையின் கடிதம் பையில் இருந்தது, நீ தலை வாரிவிடுகிறாய் என்ற கடிதம். ஊருக்கு வந்தால் அதைப் பார்க்க வேண்டும். அம்மா சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், நீ பின்னாலிருந்து வாருவாய், நான் விருந்தாளி போலப் பெட்டியோடு வாசலில் நிற்பேன். அதை நினைத்துத்தான் வரவில்லை. வேறு காரணமே இல்லை. அம்மா மூச்சுக்குத் தவித்த நாளில் நான் மணலில் படுத்துக்கொண்டு உன்னை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னது சரிதான். ஆனால் அதை நீ எழுதவில்லையே. நீ எழுதியிருந்தால் உன்னை வெறுக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் தராமல்விட்டாய்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. டிசம்பரில் வருகிறேன். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே, டெலிபோன் விஷயத்தை நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
உனாய்சி


நுகுலேவு
16 ஜனவரி 1997

அன்புத் தங்கை கெலேராவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கண்டாவுத் தீவில் உனக்குத் தங்குமிடம் சரியாக இருக்கிறதா? அங்கே கொசு அதிகம் என்கிறார்கள்.

என் நவம்பர் கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் எழுதினாய்: "படகு டிசம்பர் 14, கடல் அமைதியாக இருக்கும்." அதை வைத்துக்கொண்டு வந்து இறங்கினால், ஐந்து நாள் முன்னதாகவே பொதுப்பணித்துறைப் படகில் உன்னைக் கண்டாவுக்கு மாற்றிவிட்டார்களாம். துறையில் இலைத்தியா மாமா நின்றார். எனக்கு மாலை போட்டுவிட்டு முதலில் கேட்டது, "எங்க இன்ஜினியர் எப்படி இருக்காங்க?" என்றுதான். "எங்க" என்றார். ஊர் உனக்குத் திமிங்கலப் பல் கொடுத்து மரியாதை செய்ததைப் படகிலிருந்து வீடு சேர்வதற்குள் ஒன்பது பேர் சொன்னார்கள். லூசியானா தன் வீட்டுக் குழாயைத் திறந்து காட்டினாள். குடித்தேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது.

டெலிபோன் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "கெலேரா பொய் சொன்னது எனக்கு அப்பவே தெரியும். எந்த லைன் கிடைக்கலைன்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்கிறேன், கெலேரா. பேசிக்கொண்டே செய்கிறேன். கையைத் தொடுகிறேன். அவள் எழ நினைக்கும் முன்பே தூக்கிவிடுகிறேன். முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் என் கையைத் தட்டிவிட்டாள். உனக்குக் கடிதம் எழுத வேண்டும், உட்கார் என்றாள். சொல்லச் சொல்ல எழுதினேன். கம்பங்களைப் பற்றியும் அத்தையின் பன்றியைப் பற்றியும் சொன்னாள். அதெல்லாம் தனித்தாளில் இருக்கிறது. கடைசியில் ஒன்று சொன்னாள். நான் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அதை விட்டுவிட்டு அனுப்பலாம், கண் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்று மூன்று நாள் நினைத்தேன். அம்மாவின் வேறு வார்த்தைகளை அந்த இடத்தில் போட்டும் பார்த்தேன். மே மாதக் கடிதத்தில் நீ மாற்றி எழுதியது அடுத்தவளுக்காக. நான் செய்யவிருந்தது எனக்காக.

அதனால் அவள் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

"உங்க அக்கா என்னைத் தூக்குறா. தங்கமா தூக்குறா, குத்தம் சொல்லல. நீ தூக்கமாட்டே. நான் எந்திரிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல நிப்பே. அது உனக்கு எவ்வளவு கஷ்டம்னு உன் மூச்சு சொல்லும். நீ இருந்தப்ப நான் என் கால்ல நடந்தேன். இவகிட்ட நான் நோயாளியா இருக்கேன்."

அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "ம், அதேதான் சொன்னேன்" என்றாள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் இன்று காலை அவள் எழுந்தபோது நான் கையை நீட்டவில்லை. பக்கத்தில் நின்றேன். மத்தேயுவைத் தாண்டி மாற்கு வரைக்கும் தானாகவே போய்விட்டாள். லூக்காவுக்கு முன்னால் அவள் கால் நடுங்கியது. நான் என் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன்.

உன் அக்கா,
உனாய்சி